படலை தாண்டி வரும் வியாபாரம்

எங்கள் ஊர்களில் வியாபாரம் வீடு தேடி வருவது புதிய விடயம் அல்ல. துணி வியாபாரி பொட்டணியோடு வருவார். மீன்காரர் சைக்கிளில் கோர்ன் அடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வருவார். சட்டி பானை, பனையோலைப் பெட்டி, பாய் என்று ஆளுக்கொரு பொருளோடு வந்து போனவர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவர்களுக்கும் நமக்கும் இடையில் எழுதாத ஓர் ஒழுங்கு இருந்தது. அவர் படலைக்கு வெளியே நிற்பார். கூப்பிட்டால் உள்ளே வருவார். "இண்டைக்கு வேண்டாம் அண்ணை" என்றால் கதை முடிந்தது, அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். கடனுக்குத் தந்தாலும் அவருக்கு நம் வீடு தெரியும், நமக்கு அவருடைய ஊர் தெரியும்.

இப்போது வருகிறவர்கள் வேறு விதம். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் நான் வேலை செய்யும் கிராமங்களில் பெண்கள் கூடும் இடமெல்லாம் இவர்களைப் பற்றிய முறைப்பாடு எழுகிறது. தண்ணீர் வடிகட்டும் கருவி, எரிவாயு அடுப்பு, பாத்திரத் தொகுதி, மூட்டுவலி எண்ணெய், காப்புறுதி, தவணைக் கட்டணத்தில் தளபாடம் என்று பொருள் மாறும். முறை மாறாது. பெண்கள் முதலில் சொல்வது விலையைப் பற்றி அல்ல என்பதை நான் கவனித்திருக்கிறேன். "வேண்டாம் எண்டு சொல்லச் சொல்ல எழும்பாமல் இருந்தவை பிள்ளை" என்பதுதான் முதல் வார்த்தை. காசு போன கோபத்தை விட, தன் வீட்டு விறாந்தையிலேயே தன் சொல் எடுபடாமல் போன கோபம்தான் அதில் அதிகம்.

பெரும்பாலும் இருவராக வருவார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, கையில் கோப்பு. காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில் வருவார்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், வீட்டில் பெண் தனியே இருப்பாள். விற்க வந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். "அம்மா, ஒரு பதிவுக்கு வந்தனாங்கள்" என்பார்கள். அல்லது, "உங்கட கிராமத்தில ஐஞ்சு குடும்பத்தை மட்டும் தெரிவு செய்திருக்கிறம்" என்பார்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டில் எத்தனை பேர், வருமானம் என்ன என்று கேட்டு எழுதுவார்கள். கால் மணி நேரம் சென்ற பிறகுதான் பையில் இருந்து பொருள் வெளியே வரும்.

இந்தப் 'பதிவு' என்ற சொல்லைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். 2009 இல் மெனிக் பாம் முகாமில் நாங்கள் இருந்தபோது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தவள். கோப்போடு ஒருவர் கூடாரத்துக்கு வந்தால் அம்மா எழுந்து நிற்பா. அவர் யார், எந்த நிறுவனம் என்று கேட்கமாட்டா. கேட்டதைச் சொல்லுவா, காட்டிய இடத்தில் கையெழுத்து வைப்பா. பெயர் விடுபட்டால் உலர் உணவு விடுபடும், தறப்பாள் விடுபடும், மீள்குடியேற்றப் பட்டியலில் இருந்தும் விடுபடலாம் என்ற பயம். 2012 செப்ரெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது. ஊர் திரும்பிய பிறகும் கோப்புகள் வந்துகொண்டேயிருந்தன. வீட்டுத்திட்டத்துக்கு ஒரு பதிவு, வாழ்வாதாரத்துக்கு ஒரு பதிவு, பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு ஒரு பதிவு. அந்த வருடங்களில் கேள்வி கேட்காமல் கையெழுத்து வைத்ததால்தான் பல குடும்பங்களுக்குக் கூரை கிடைத்தது. அது அறியாமை அல்ல. அன்றைய நிலைமையில் அதுதான் புத்தி.

போருக்குப் பின் ஏ9 வீதி வழியாக வந்த நிறுவனங்கள் இந்தப் பழக்கத்தை நன்றாகப் படித்துக்கொண்டன. நிவாரண உத்தியோகத்தரின் தோற்றத்தில் விற்பனையாளர் வருகிறார். அதே கோப்பு, அதே அட்டை, அதே "அம்மா, இதில ஒரு கையெழுத்து". நானும் கோப்போடு படலை திறக்கிறவள்தான். சில வீடுகளில் என்னைக் கண்டதும் முகம் இறுகுவதைக் காண்கிறேன். எங்களுக்கு முன் வந்து போனவர்கள் யார் என்று அந்த முகம் சொல்லிவிடும்.

"ஏன் உறுதியாக மறுக்க முடியவில்லை?" என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்பதுண்டு. வீட்டுக்கு வந்தவரைத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்புவது நம் வழக்கம் இல்லை. அதை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. கணவனை இழந்த ஒரு தங்கைச்சி என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன். "இரண்டு பெடியள் ஒண்டரை மணித்தியாலம் விறாந்தையில இருந்தவங்கள் அக்கா. முன் வீட்டில இருந்து பாத்துக்கொண்டு நிக்கினம். கையெழுத்தைப் போட்டால் எழும்பிப் போவாங்கள் எண்டு போட்டன்." அவள் வாங்கியது தண்ணீர் வடிகட்டி அல்ல. பக்கத்து வீட்டார் வாயில் இருந்து தப்புவதற்கான வழியை வாங்கியிருக்கிறாள். கட்டுக்காசு கொடுக்க அன்று மாலையே ஓர் ஆட்டுக்குட்டியை விற்றாள். அது மகளின் சாமத்தியச் செலவுக்கென்று வளர்த்த குட்டி.

அந்த வடிகட்டி விற்கும் முறையைக் கட்டாயம் விளக்க வேண்டும். இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைப்பார்கள். ஒன்றில் உங்கள் கிணற்றுத் தண்ணீர். மற்றதில் அவர்களுடைய கருவியில் வடித்த தண்ணீர். மின்சாரத்தில் இயங்கும் ஒரு சிறு சாதனத்தின் கம்பிகளை இரண்டுக்குள்ளும் விடுவார்கள். ஒரு நிமிடத்துக்குள் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகி, பிறகு கபில நிறமாகி, அழுக்குத் திரள் திரளாக மிதக்கும். வடித்த தண்ணீரில் நிறமே மாறாது. "இதைத்தான் அம்மா உங்கட பிள்ளையள் குடிக்கினம்" என்பார்கள். சிறுநீரக நோய் பரவிய வவுனியாப் பக்கத்தில் உறவினர் உள்ள ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னால் அவள் என்ன செய்வாள்?

அந்தக் கபில நிறம் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. கம்பிகளில் இரும்பு இருக்கிறது. உப்புகளும் கனியங்களும் கரைந்திருக்கும் தண்ணீருக்குள் மின்சாரம் பாயும். பாயும்போது இரும்பு கரைந்து துருவாகிறது. நாம் காண்பது அந்தத் துருவைத்தான். வடித்த தண்ணீரில் கனியங்கள் பெரும்பாலும் அகற்றப்பட்டிருப்பதால் மின்சாரம் சரியாகப் பாயாது, துருவும் வராது. அதே கம்பியை நல்ல இளநீருக்குள் விட்டாலும் நிறம் மாறும். இளநீரைக் குடிக்க வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? தண்ணீரில் கிருமி இருக்கிறதா, நைத்திரேற்று கூடவா என்பதை இந்த வித்தை காட்டாது. எல்லா வடிகட்டியும் வீண் என்று நான் சொல்லவில்லை. வவுனியாவில் நோய் உள்ள கிராமங்களுக்குச் சுத்திகரிப்பு நிலையங்கள் தேவைப்பட்டுத்தான் அமைக்கப்பட்டன. உங்கள் கிணற்றில் சந்தேகம் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம்.

இதில் விற்க வருகிறவர்களும் நம்முடைய பிள்ளைகள்தான் என்பதை மறக்க முடியாது. உயர்தரம் முடித்துவிட்டு வேலை தேடும் பெண் பிள்ளைகளைப் 'பயிலுநர் முகாமையாளர்' என்று சொல்லிச் சேர்க்கிறார்கள். சம்பளம் இல்லை, விற்றால் தரகு. ஒரு பிள்ளை முதலில் தன் சித்தி வீட்டுக்கு விற்கிறாள், பிறகு மாமி வீட்டுக்கு, பிறகு தனக்குப் படிப்பித்த ரீச்சருக்கு. சொந்தக்காரர் முடிந்ததும் வேலையும் முடிகிறது. சில நிறுவனங்களில் பொருளை விட ஆள் சேர்ப்பதற்குத்தான் காசு. நீங்கள் இருவரைச் சேர்க்க, அவர்கள் இருவரைச் சேர்க்க என்று போகும் பிரமிட் திட்டங்களை நடத்துவதும் அவற்றில் ஆட்களைச் சேர்ப்பதும் வங்கிச் சட்டத்தின் கீழ்த் தடைசெய்யப்பட்டவை. இலங்கை மத்திய வங்கி பல தடவை எச்சரித்தும் புதுப் பெயரில் அவை வந்துகொண்டிருக்கின்றன. "பொருள் வாங்குங்கோ" என்பதை விட "எங்களோட சேருங்கோ" என்பதைக் கேட்டால் அதிகம் விழிப்பாக இருங்கள்.

ஆட்டுக்குட்டியை விற்ற தங்கைச்சியின் கதைக்கு வருகிறேன். மறுநாளே கருவி வேண்டாம் என்று தொலைபேசியில் சொன்னாள். கையெழுத்து வைத்தால் மாற்ற முடியாது, கட்டுக்காசும் திரும்பாது என்று பதில் வந்தது. ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலத்தில். அதன் பிரதிகூட அவளிடம் இல்லை. நாங்கள் இருவரும் இருந்து பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினோம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளை நாம் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் வியாபாரி நடந்துகொள்ளக் கூடாது என்பது 30 ஆம் பிரிவு. பொருளின் தரம், பயன் பற்றிப் பொய்யான கூற்றுகளைச் சொல்லக் கூடாது என்பது 31 ஆம் பிரிவு. துருவைக் காட்டி அழுக்கு என்பது இதற்குள் வரும் என்பது என் கருத்து. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். இந்த மூன்று மாதக் கணக்கு முக்கியம். நம் பெண்கள் வெட்கப்பட்டு யாருக்கும் சொல்லாமல் இருந்து, தவணை கட்ட முடியாமல் போன பிறகுதான் வாய் திறக்கிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977.

கடிதத்தின் பிரதி நிறுவனத்துக்கும் போனது. கருவியை எடுத்துச் சென்று, கட்டுக்காசில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மற்றப் பாதி இன்னும் வரவில்லை.

சட்டத்தால் வியாபாரத்தைப் படலைக்கு வெளியே நிறுத்த முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பால்மா ஓர் உதாரணம். குழந்தைகளுக்கான பால்மாவைத் தாய்மாரிடம் நேரடியாக விளம்பரப்படுத்துவதற்கு எதிராக உலக சுகாதார நிறுவனம் 1981 இல் ஒரு சர்வதேச ஒழுக்கக் கோவையை ஏற்றுக்கொண்டது. இலங்கை 1983 இலேயே தனக்கான கோவையைக் கொண்டுவந்தது. பிள்ளை பெற்ற தாயின் கட்டிலடிக்கு மாதிரிப் பேணியோடு போக முடியாது என்று அன்றே முடிவானது. சிறிய நாடு என்றாலும் இதில் நாம் முந்திக்கொண்டோம். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான பால்மா விளம்பரங்கள் தொலைக்காட்சியில் எப்படிப் பாய்கின்றன என்பது வேறு கதை. அதை இன்னொரு மாதம் எழுதலாம்.

சட்டம் வரும்வரை காத்திராமல் ஒரு கிராமத்தின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் செய்ததைச் சொல்ல வேண்டும். வீடு வீடாக யாரும் விற்க வரக்கூடாது, விற்க விரும்புகிறவர்கள் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை பொதுநோக்கு மண்டபத்துக்கு வரலாம் என்று கூட்டத்தில் தீர்மானித்தார்கள். சங்கத்தின் தொலைபேசி இலக்கத்தோடு ஒழுங்கை முகப்பில் ஓர் அறிவித்தல் போட்டார்கள். யார் 'பதிவு' என்று வந்தாலும் கிராம அலுவலரின் கடிதம் கேட்பது, முதல் நாளில் எதற்கும் கையெழுத்து வைப்பதில்லை, அடையாள அட்டையைக் கையில் கொடுப்பதில்லை என்றும் பேசிக்கொண்டார்கள். முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் மாதம் வடிகட்டி நிறுவனத்தார் வந்தார்கள். நாற்பது பெண்கள் முன்னால் குவளைகளை வைத்தார்கள். வழக்கம் போலக் கிணற்றுத் தண்ணீர் கபிலமானது. அப்போது முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா சேலைத் தலைப்பில் முடிந்து வந்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து, "தம்பி, இதை உங்கட தண்ணிக்குள்ள போட்டிட்டு அந்தக் கம்பியை விடுங்கோ பாப்பம்" என்றா. அந்தத் தம்பி கொஞ்ச நேரம் அவவைப் பார்த்தார். பிறகு கம்பியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். போகும்போது தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

படலைக்கு இப்படி ஓர் ஒழுங்கு வைத்துவிடலாம். கைத்தொலைபேசிக்குள் வருகிறதை அவ்வளவு இலகுவாக நிறுத்த முடியவில்லை. விடிந்ததில் இருந்து குறுஞ்செய்திகள். ஜோதிடம், பாட்டு, கிரிக்கெட் ஓட்ட விபரம், விலைக்கழிவு, கடன். பல சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வரும். வாசிக்கத் தெரியாமல் ஏதோ ஓர் எண்ணை அழுத்தினால் சேவை தொடங்கிவிடும். பிறகு ரீலோட் போட்ட காசில் நாளுக்குச் சில ரூபா கழியும். "நான் ஒருத்தருக்கும் எடுக்கயில்லை, நூறு ரூபா போட்டது எங்க போனது?" என்று கேட்கும் பெண்களிடம் நான் முதலில் சொல்வது, உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்து எந்தெந்தச் சேவைகள் இயங்குகின்றன என்று கேளுங்கள், எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள், விளம்பரச் செய்திகளையும் நிறுத்தச் சொல்லுங்கள் என்பதுதான். தமிழில் கதைக்கும் ஒருவரைக் கேட்டுப் பெறுங்கள். எடுத்த திகதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். சரிவராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நமது சம்மதம் பெற்றுத்தான் இப்படியான செய்திகளை அனுப்பலாம், செலவில்லாமல் அவற்றை நிறுத்தும் வழியையும் சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த பகுதிகள் பிற்போடப்பட்டன. நமது பெயரும் இலக்கமும் எந்தெந்தக் கோப்பில் இருந்து யார் யாருக்குப் போயின என்று கேட்க அந்தச் சட்டம் தேவை.

இதை வெறும் தொல்லை என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். 2009 மே மாதம் வட்டுவாகலில் மகனைக் கையளித்தவ. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டபின் அங்கேயும் விபரம் கொடுத்தவ. அதற்கு முன் கொடுத்த இடங்களுக்குக் கணக்கில்லை. எல்லாப் படிவத்திலும் தன் கைத்தொலைபேசி இலக்கத்தை எழுதியிருக்கிறா. போனைச் சின்னத் துணிப்பையில் போட்டு இடுப்பில் செருகித் திரிவா. கச்சான் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கும்போதும் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்ப்பா. எழுத்து வாசிக்கத் தெரியாது. பேத்தி பள்ளிக்கூடத்தால் வரும்வரை செய்தி காத்திருக்கும். ஒரு நாள் பேத்தி வாசித்த செய்தி இப்படித் தொடங்கியது: "உங்களுக்கு ஒரு நற்செய்தி!" அதற்குப் பிறகு என்ன இருந்தது என்று அவவுக்குக் கேட்கவில்லையாம். தவணைக் கட்டணத்தில் மோட்டார் சைக்கிள் என்று பேத்தி மூன்றாம் தரம் சொன்னபிறகுதான் விளங்கியதாம். அந்த நிறுவனத்தில் இச்செய்தியை எழுதியவருக்கு இது தெரிய வழியில்லை. தெரியாத வீட்டுக்குள் இப்படிப் புகுவதில் உள்ள குற்றமே அதுதான்.

நாங்கள் அவவின் போனில் சேவைகளை நிறுத்துவித்தோம், நிறுவனப் பெயர்களில் வரும் செய்திகள் குறைந்துவிட்டன. ஆனால் சாதாரண இலக்கங்களில் இருந்து எடுத்துக் கடன் வேண்டுமா, காப்புறுதி வேண்டுமா என்று கேட்பது குறையவில்லை. பெயர் பதியாத இலக்கங்களைத் தடுக்கும் வழி போனிலேயே இருக்கிறது என்று பேத்தி காட்டினாள். அவ மறித்துவிட்டா. மகன் எடுத்தாலும், அவனைக் கண்டவர் எடுத்தாலும் தெரியாத இலக்கத்தில் இருந்துதானே வரும் என்று கேட்டா. அவவுக்கு வந்த அழைப்புகளின் திகதி, நேரம், இலக்கம் எல்லாவற்றையும் பேத்தி கொப்பியில் எழுதியிருந்தாள், இருபத்தெட்டு இருந்தது. அந்தக் கொப்பியைப் பிரதியெடுத்து இணைத்து ஆணைக்குழுவுக்கு எழுதியிருக்கிறோம். பதில் வந்ததும் இதே பக்கத்தில் அறியத் தருகிறேன்.